தரை ஆடாத சத்தங்கள்

என் காதைப் பற்றி எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினெட்டு வருஷமாகப் பவர் பிரஸ் ஓட்டுகிறேன். தகடு உள்ளே போகும், பிரஸ் இறங்கும், துண்டு வெட்டுப்பட்டு விழும். தகட்டை வெட்டுகிற இரும்பு அச்சான டை மழுங்க ஆரம்பித்தால் மற்றவர்கள் துண்டைக் கையில் எடுத்து, விளிம்பைத் தடவி, பிசிறு அடிக்கிறதா என்று பார்ப்பார்கள். நான் தடவ மாட்டேன், சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். நல்ல டை 'டக்' என்று வெட்டிப் பேசும். மழுங்கின டை கொஞ்சம் இழுக்கும். "நிறுத்துப்பா, டை பூட்ச்சு" என்று நான் குரல் கொடுத்தால் சூப்பர்வைசர் மறுபேச்சுப் பேசாமல் சுவிட்சை அணைப்பார். என் மெஷினில் நின்றபடியே நாலாவது மெஷினில் என்ன கோளாறு என்று சொன்னவன் நான்.

இந்தக் காதை வைத்துக்கொண்டுதான், என் மகளுக்குக் காது கேட்கவில்லை என்பதை ஒன்றே கால் வருஷம் தெரிந்துகொள்ளாமல் இருந்தேன்.

எங்கள் வீடு கள்ளிக்குப்பத்தில் ஒரு மாடிப் போர்ஷன். கீழ்த்தளத்தில் சின்னதாக ஒரு பட்டறை, அதிலும் ரெண்டு பிரஸ். காலையில் அவை ஓட ஆரம்பித்தால் எங்கள் தரை அதிரும். சொம்பில் வைத்த தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும். கம்பெனியிலும் பிரஸ், வீட்டிலும் பிரஸ், எந்த ஜென்மத்துப் பாவமோ என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கு அந்த அதிர்வு இல்லாவிட்டால் தூக்கம் வராது.

மகள் தவழ ஆரம்பித்த சமயம். கீழே பிரஸ் ஓடத் தொடங்கியதும் அப்படியே நின்றுவிடுவாள். தலையைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பாள். பிரஸ் நின்றால் உதட்டைப் பிதுக்குவாள். தெருவில் தண்ணி லாரி வந்தால் லாரி தெரிவதற்கு முன்பே சிரிப்பாள். "பாத்தியாமே? என் பொண்ணு அப்பிடியே என்ன மாரி. காது சும்மா கத்தி கணக்கா கீது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

முதலில் சந்தேகப்பட்டது மனைவிதான். அவள் ஆவடியில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். எதையும் நிதானமாகப் பார்த்து நிதானமாகச் சொல்லுவாள்.

"ஏங்க, நான் கூப்பிட்டா இவ திரும்பவே மாட்டேங்கிறா. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்றாள்.

"இன்னாமே பேசுற? கீழ பிரஸ்ஸு ஓடுனா திரும்புது, லாரி வந்தா திரும்புது. நீ கூப்ட்டா மட்டும் திரும்பலன்னா அது காது கோளாறா? உன் கொரலு கோளாறு" என்று சிரித்தேன். அடுத்த வாரமும் சொன்னாள். அப்போது சிரிக்கவில்லை, கத்தினேன். எனக்கு மூக்கு மேல் கோபம். அதுவும் என் பிள்ளைக்குக் குறை என்று யாராவது சொன்னால் கேட்கவே வேண்டாம். குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியில் காது சோதனைக்கு வரச்சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று அதைத் தள்ளிக்கொண்டே போனதும் நான்தான்.

அன்றைக்குப் பராமரிப்புப் பணி என்று எங்கள் பகுதியில் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. கீழே பட்டறை ஓடவில்லை. எனக்கு ரெண்டாவது ஷிஃப்ட் என்பதால் வீட்டில் இருந்தேன். ஃபேன் இல்லை, மோட்டார் இல்லை, தரை அசையாமல் கிடந்தது. மகள் கட்டிலில் மெத்தை மேல் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். மனைவி மறுபடி டாக்டர் பேச்சை எடுத்தாள்.

"இப்ப பாரு" என்று எழுந்து போய், எவர்சில்வர் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்து வந்தேன். மகளின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். தெருநாய் குரைத்தது. எதிர்வீட்டம்மா பால்கனிக்கே ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். மகள் கிண்ணத்தைக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள், மறுபடி கவிழ்த்தாள். இன்னொரு தடவை தட்டினேன். இன்னொரு தடவை. மனைவி வந்து என் கையைப் பிடித்துக் கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

அத்தனை நாளும் என் மகள் கேட்டது தரையைத்தான். உள்ளங்கையாலும் முழங்காலாலும் கேட்டிருக்கிறாள். வேறு எந்தத் தெருவில் பிறந்திருந்தாலும் ஆறு மாதத்தில் தெரிந்திருக்கும். பிரஸ்ஸுக்கு மேலே குடித்தனம் வைத்தவன், பிரஸ்ஸை நம்பியே மோசம் போனேன்.

அப்புறம் சோதனைகள், ஸ்கேன் படங்கள், வரிசைகள். ரெண்டு வயது ஆவதற்குள் அறுவை சிகிச்சையும் முடிந்தது. காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு கருவி வைத்தார்கள். வெளியே காதில் மாட்டுகிற மெஷின் ஒன்று, அதிலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் வட்டமாக ஒரு காந்தம். அந்தக் காந்தம் தலைமுடிக்குள் போய்த் தானாகவே ஒட்டிக்கொள்ளும். மெஷினை முதன்முதலில் ஆன் செய்தபோது மகள் வீல் என்று அழுதாள். பயிற்சி கொடுக்கும் மேடம் சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டு, எல்லாம் முடிந்தது என்று நினைத்து வீட்டுக்கு வந்தேன்.

எங்கே முடிந்தது? ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. கூப்பிட்டால் திரும்பவில்லை. சிரிக்க வைத்தால் சிரித்தாள், கையைத் தட்டினால் கையைப் பார்த்தாள். காந்தத்தைப் பிடுங்கி பீரோவில் ஒட்டுவது அவளுக்கு விளையாட்டாகப் போயிற்று. நாங்கள் வீடெல்லாம் தேடுவோம், அது பீரோ மேல் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

மேடத்திடம் போய்ச் சண்டை பிடித்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என் சத்தத்துக்கெல்லாம் அசரவில்லை.

"மெஷின் வேலை செய்யுது சார். சத்தம் உள்ள போகுது. ஆனா அது என்னன்னு பாப்பாவுக்குத் தெரியாதே. தெரியாத பாஷையில பக்கத்துல யாரோ பேசிட்டே இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? கொஞ்ச நேரத்துல காதுல வாங்குறதையே விட்டுடுவீங்க. பாப்பா அப்படி விட்டுடக் கூடாது. மூளை பழகுற வயசு இதுதான், தள்ளிப்போனா ரொம்பக் கஷ்டம்."

ஒன்றே கால் வருஷத்தை ஏற்கெனவே நான் தின்றுவிட்டேன்.

வீட்டிலும் தெருவிலும் கேட்கிற சத்தங்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார். இது ஒரு பெரிய வேலையா என்று அன்றைக்கே எழுதினேன். பிரஸ். தண்ணி லாரி. பஸ். மிக்ஸி. மோட்டார். கதவை அறைவது. சாவு மேளம். ஏழுக்கு மேல் எனக்கு ஓடவில்லை. மேடம் பார்த்துவிட்டுப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்தார்.

"இதெல்லாம் அதிர்ற சத்தம் சார். பாப்பா உடம்பாலயே கண்டுபிடிச்சிடும். தரை ஆடாத சத்தமாக் கொண்டு வாங்க. சத்தம் வந்ததும் உங்க காதைத் தொட்டுக் காட்டி 'கேளு'ன்னு சொல்லுங்க. அப்புறம் தூக்கிட்டுப் போய், அது எங்கேருந்து வருதுன்னு காட்டுங்க. முதல்ல சத்தம், அப்புறம்தான் பொருள். மாத்திடாதீங்க."

தரை ஆடாத சத்தத்துக்கு நான் எங்கே போவேன்? மறுநாள் காலையில் படிக்கட்டில் நோட்டோடு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வண்டிச் சத்தம், வண்டிச் சத்தம், மறுபடியும் வண்டிச் சத்தம். இந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது என்று எரிச்சலோடு எழுந்தவன், குழாயடியில் அப்படியே நின்றுவிட்டேன்.

மனைவி குடத்தை வைத்துக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே போயிருந்தாள். தண்ணீர் அடியில் விழும்போது தடித்த குரலில் விழுந்தது. ஏற ஏறக் குரல் மெலிந்தது. குடத்தின் கழுத்துக்கு வந்தபோது சின்னப் பிள்ளை பாடுவது போல உச்சிக்குப் போயிற்று. சரியாக அந்த நேரத்தில் உள்ளேயிருந்து, "ஏங்க, ரொம்பிடுச்சு பாருங்க, மூடுங்க" என்றாள் மனைவி. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணமாகி வந்த நாளாக அவள் இப்படித்தான் சொல்கிறாள், நானும் இப்படித்தான் மூடுகிறேன். டை மழுங்குவதை நான் கண்டுபிடித்தால் ஊரைக் கூட்டிச் சொல்வேன். அவள் தினம் குடத்தைக் கேட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதன் பிறகு சத்தங்கள் தாமாகவே என்னிடம் வர ஆரம்பித்தன. நான் போய்த் தேடினேன் என்று சொன்னால் பொய். கேஸ் போடுகிறவர் தெருமுனையில் ஸ்பானரால் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு வருவார். காலி சிலிண்டர் கோயில் மணி மாதிரி நீளமாக அதிர்ந்து ஓயும், நிறைந்த சிலிண்டர் தொண்டையை அடைத்துக்கொண்டு ஒரு சொல்லோடு நின்றுவிடும். கண்ணை மூடிக்கொண்டு வண்டியில் எத்தனை காலி என்று சொல்லிவிடலாம். தேய்ப்பு வண்டியில் ஈரத் துணியைப் பெட்டி தொடும்போது ஒரு பெருமூச்சு வரும், அதிலும் காட்டன் ஒரு மாதிரி, பாலியஸ்டர் ஒரு மாதிரி. எதிர்வீட்டம்மா முறத்தில் அரிசி புடைக்கும்போது, எழும்புகிற அரிசிக்கு ஒரு சத்தம், விழுகிற அரிசிக்கு வேறு சத்தம். யம்மாடி! நாற்பது வருஷம் இதே ஊரில் இதற்குள்ளேயே நடந்து போய்க்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு நாளாவது நின்றிருக்கிறேனா?

கீரை விற்கிற அக்கா ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னையே முறைத்தார். "இன்னா நைனா, தெனிக்கும் காத்தால படிக்கட்டுல குந்திகினு போற வர்றவங்கள பாத்துகினு கீற? ஊட்ல வேல இல்லியா?"

"பாக்கலக்கா, கேட்டுகினு கீறேன்" என்று விஷயத்தைச் சொன்னேன்.

அக்கா கூடையை அங்கேயே விட்டுவிட்டு மாடி ஏறி வந்தார். மகள் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தெருவில் கூவுகிற அதே குரலில், "கீரேய்ய்ய், அரக்கீரே, சிறுகீரே, மொளக்கீரேய்" என்று கூவினார். நான்கு தெருவுக்குக் கேட்கிற குரல். மகள் திரும்பவில்லை. அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "பரவால்ல, உடு நைனா. நாளிக்கு வர்றேன். நமக்கு இன்னா, கத்துறதுதான பொழப்பு" என்று சொல்லி இறங்கிப் போனார். சொன்னபடி தினமும் ஏறி வந்தார். கீரை வேண்டாம் என்றாலும் வந்தார்.

கம்பெனியில் ஒருநாள் புதிதாகச் சேர்ந்த ஆபரேட்டர் ரெண்டு தகட்டை ஒன்றாக வைத்து பிரஸ்ஸை இறக்கப் பார்த்தார். எத்தனை தடவை சொன்னாலும் இதே கதை. எனக்கு வந்த கோபத்தில், "ஒனக்குச் சொல்றதும் ஒண்ணு, செவுடன் காதுல..." என்று ஆரம்பித்தேன். சங்கு என்கிற சொல் தொண்டையிலேயே நின்றது. எத்தனை ஆயிரம் தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன் அந்தப் பழமொழியை. அன்றோடு விட்டேன்.

மெஷின் மாட்டிய மூன்றாவது மாதம் ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வாரவிடுமுறை, பட்டறையும் இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு பால்கனியில் நின்றேன். மழைக்கு ஒரே சத்தம் என்றுதானே நினைத்திருந்தேன்? பட்டறைத் தகரத்தில் அது வறுகடலை கொட்டுவது போல விழுந்தது. எதிர்வீட்டு வாழை இலையில் தட்டித் தட்டிப் பேசியது. பிளாஸ்டிக் டிரம்மில் ஒன்று, பைக்கைப் போர்த்திய தார்ப்பாயில் ஒன்று, ஓடுகிற தண்ணீரில் இன்னொன்று. எல்லாம் தனித்தனியாகக் கேட்டது, எல்லாம் சேர்ந்தும் கேட்டது. ஒரே வானம், இத்தனை குரல். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கும்பிடத் தோன்றியது. யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

காதைத் தொட்டு, "கேளு" என்றேன். மகள் என் வாயைப் பார்த்தாள். மறுபடி காதைத் தொட்டு, "மழை. கேளு" என்றேன். என் வாயையே பார்த்தாள். இத்தனை பெரிய சமாசாரம் ஊர் முழுக்கக் கொட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு சொட்டு அவளுக்குள் போகவில்லை. எனக்கு என்ன வந்ததோ, "கேளேன்டி!" என்று அவள் முகத்துக்கு நேரே கத்திவிட்டேன். குரலுக்கு அல்ல, என் மூஞ்சிக்குப் பயந்து அழுதாள்.

மனைவி வந்து குழந்தையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். "அவளுக்குத்தான் ரெண்டு வயசு. அவ காதுக்கு மூணு மாசம்தான் ஆகுது. மூணு மாசக் குழந்தைகிட்ட போய் இப்படிக் கத்துவீங்களா?"

நான் நனைந்துகொண்டே வெளியில் நின்றேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஒருவேளை இது இப்படியே போய்விட்டால்? நான் தள்ளிப்போட்ட அந்த நாட்களில்தான் எல்லாம் கைநழுவிப் போயிருந்தால்? அதற்குப் பிறகு மகள் முன்னால் குரலை உயர்த்துவதில்லை என்று முடிவெடுத்தேன். கத்துகிறவனுக்கு அது லேசுப்பட்ட காரியம் இல்லை.

காதைத் தொடுவதை மட்டும் விடவில்லை. கடுகு வெடித்தால் தொட்டேன். சீப்பு கீழே விழுந்தால் தொட்டேன். அப்பளம் நொறுங்கினால், செய்தித்தாள் மடங்கினால், தயிர்ப் பாக்கெட்டைக் கிழித்தால் தொட்டேன். தெருவில் பார்க்கிறவர்கள் எனக்குத்தான் காதில் ஏதோ வியாதி என்று நினைத்திருப்பார்கள். நோட்டு முடிந்து ரெண்டாவது நோட்டு வாங்கினேன்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு காலை. எனக்கு மறுபடி ரெண்டாவது ஷிஃப்ட். கீழே பட்டறை முழு மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். மனைவி மொட்டை மாடியில் துணி காயப்போடப் போயிருந்தாள். மகள் பூண்டுத் தோலை ஊதி விளையாடிக்கொண்டிருந்தவள், சட்டென்று நிறுத்தினாள். ஒற்றை விரலைத் தூக்கித் தன் காதைத் தொட்டாள்.

"ஆமாம்மா, பிரஸ்ஸு" என்று தரையைத் தட்டிக் காட்டினேன்.

தலையை ஆட்டினாள். இல்லை. மறுபடி காதைத் தொட்டாள்.

பூண்டை வைத்துவிட்டு எழுந்தேன். குழாயைப் போய்ப் பார்த்தேன், மூடியிருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. வாசலில் யாரும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன். கீழே பிரஸ், தூரத்தில் வண்டிகள், அவ்வளவுதான். என் நோட்டில் இருந்த ஒவ்வொரு சத்தமாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. சும்மா விளையாட்டுக்குத் தொடுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து மறுபடி உட்காரப் போனேன்.

மகள் எழுந்து வந்து என் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தாள். பால்கனிக்குக் கூட்டிப் போனாள். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தாள். சன்ஷேடுக்குக் கீழே கேபிள் வயர்கள் சுருண்டு தொங்குகிற இடத்தில் நூலும் தும்புமாக ஒரு குப்பை ஆடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு ஓட்டை. ஓட்டையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ரெண்டு வாய், உள்ளே செக்கச் செவேல் என்று. திறந்தன, மூடின, திறந்தன. எனக்குச் சத்தமே கேட்கவில்லை. காதைத் திருப்பினேன், எக்கி நின்றேன். வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. ரெண்டு வருஷம் என் வாயும் அவளுக்கு இப்படித்தான் தெரிந்திருக்கும்.

மனைவி காலி வாளியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அட, தேன்சிட்டு! குஞ்சு பொரிச்சிடுச்சா? அதான் காலைலேருந்து கீச்சு கீச்சுன்னு ஒரே கத்தல். இங்கேருந்துதானா?" என்றவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஏங்க, என்ன ஆச்சு? ஏன் அழறீங்க?"

பதினெட்டு வருஷம் பிரஸ்ஸுக்கு முன்னால் நின்றதில் இப்படிக் கீச்சிடுகிற உச்சக்குரல் சத்தங்கள் எப்போதோ என் காதை விட்டுப் போயிருந்தன. அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மகள் எங்கள் ரெண்டு பேரையும் பார்க்கவே இல்லை. அண்ணாந்தபடி, விரலைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"குஞ்சு கத்துறது உங்களுக்குக் கேக்கலையா?" என்று மனைவி பயந்துபோய்க் கேட்டாள்.

"எனக்குக் கேக்கலமே" என்றேன். "அவளுக்குக் கேக்குது."